அட்டையின் பின்புறத்தில் இருக்கவேண்டிய பெயர்கள்

அட்டை என்றதும் இலங்கைத் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது தேசிய அடையாள அட்டைதான். போர்க்காலத்தில் கண்டி வீதியிலோ திருகோணமலை வீதியிலோ பயணம் செய்தவர்கள், சோதனைச் சாவடி நெருங்குமுன்னரே சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்ட பழக்கத்தை இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். படமும் பெயரும் விபரமும் அச்சிட்ட அட்டை நமக்கு ஒரு கடமை. சில வேளைகளில் ஓர் அச்சம். அப்படியான அட்டைகளை மனிதர்கள் ஆசையோடு தேடிச் சேர்க்கிறார்கள், அவற்றுக்காகக் கோடிக்கணக்கில் பணம் கொடுக்கிறார்கள் என்ற செய்தி நமக்குச் சற்று விநோதமானது.

அமெரிக்காவில் பேஸ்போல் வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேர்ப்பது நூறாண்டைக் கடந்த வழக்கம். 1952 ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மான்டிலின் அட்டையொன்று 2022 ஓகஸ்டில் 126 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அதே மாதத்தில், 1909 தொடக்கம் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த தொகுதியைச் சேர்ந்த ஹோனஸ் வாக்னரின் அட்டையொன்று 72½ இலட்சம் டொலருக்குக் கைமாறியது. வாக்னர் தமது படத்தை அச்சிடுவதை நிறுத்தச் செய்ததனாலேயே அது அரிதாயிற்று. புகையிலையோடு தம் முகம் சிறுவர் கைக்குப் போவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். உரிய பணம் தரப்படாததே காரணம் என்பர் வேறு சிலர்.

இந்த ஏலச் செய்திகளை நமது பத்திரிகைகளும் கடைசிப் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டன. என் கருத்து வேறொன்றைப் பற்றியது. அந்த அட்டைகளின் முன்புறத்தில் படம் இருக்கிறது. பின்புறத்தில் அந்த வீரன் எங்கே பிறந்தான், எந்த ஆண்டில் எந்த அணிக்கு ஆடினான், எத்தனை ஓட்டம் பெற்றான் என்ற விபரம் இருக்கிறது. நட்சத்திர வீரனுக்கு ஓர் அட்டை. இரண்டு ஆட்டம் ஆடிக் காணாமற்போனவனுக்கும் அதே அளவில், அதே தாளில் ஓர் அட்டை. அந்தச் சமத்துவந்தான் என்னை ஈர்க்கிறது. நம்மிடம் இல்லாததும் அதுதான்.

ஒட்டி வைத்தவரின் கதை

அந்த அமெரிக்க வழக்கத்திற்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தவர் பணக்காரர் அல்லர். ஜெஃபர்சன் பர்டிக் என்பவர் நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தவர். மூட்டுவாத நோயால் நெடுங்காலம் அவதிப்பட்டவர். கடைகளில் பொருளோடு இலவசமாகக் கிடைத்த படங்களையெல்லாம் சேர்த்தார். 1939 இல் அவற்றுக்கொரு பட்டியல் நூலையும் வெளியிட்டார். இன்றைக்கும் வாக்னர் அட்டையைச் சேகரிப்பாளர்கள் 'டி 206' என்று அழைப்பது பர்டிக் கொடுத்த இலக்கத்தைக் கொண்டே.

தமது சேகரிப்பு முழுவதையும் அவர் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக வழங்கினார். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள். அவற்றில் சுமார் 30,000 பேஸ்போல் அட்டைகள். நோயால் மடங்கிய விரல்களோடு அருங்காட்சியகத்துக்கு வந்து, தாமே அவற்றை அல்பங்களில் வகைப்படுத்தி ஒட்டினார். ஆண்டுகள் கழிந்தன. 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் அவர் காலமானார். பேஸ்போல் விளையாட்டில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. சாதாரண மனிதர் கையில் புழங்கிய தாள் அழிந்துவிடக்கூடாது என்பதே அவர் அக்கறை.

ரெம்பிராண்டின் ஓவியங்கள் இருக்கும் கட்டடத்தில் சிகரெட் பெட்டிப் படத்துக்கும் ஓர் அறை கொடுத்த சமூகம், தன் வீரர்களை மறப்பது கடினம். கிரிக்கெட்டுக்கும் இப்படி ஒரு மரபு உண்டு. இங்கிலாந்தில் வில்ஸ் சிகரெட் நிறுவனம் 1896 இலேயே 50 கிரிக்கெட் வீரர்களின் படத் தொகுதியை வெளியிட்டது. 1930களில் பிளேயர்ஸ் நிறுவனம் வெளியிட்ட தொகுதிகள் பழைய பொருள் விற்கும் கடைகளில் இப்போதும் கிடைக்கின்றன. பிரட்மனும் ஹமண்டும் லார்வூட்டும் அவற்றில் இருக்கிறார்கள். இலங்கையர் அவற்றில் இல்லை. அந்நாளில் நாம் டெஸ்ட் ஆடும் நாடல்ல. அவுஸ்திரேலியாவுக்கோ இங்கிலாந்துக்கோ செல்லும் கப்பல் கொழும்பில் நிற்கும் ஒரு நாளில், அந்த அணிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நாடு.

தம்புள்ளையில் ஓர் அல்பம்

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தைப் பற்றி வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 1999 இல் தொடங்கப்பட்ட அந்த மொத்த விற்பனைச் சந்தைக்கு யாழ்ப்பாணத்து வெங்காயமும் நுவரெலியாக் கரட்டும் ஒரே இரவில் வந்து சேரும். அங்கே கொமிஷன் கடை வைத்திருக்கும் மாத்தளைத் தமிழர் ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். ரங்கிரி மைதானத்தில் ஆட்டம் இருக்கும் நாட்களில் அவரது கடையில்தான் எனக்குத் தேநீர்.

அவரிடம் 80 பக்கக் கொப்பிகள் பதினொன்று இருக்கின்றன. அவற்றில் வீரகேசரி, தினகரன், சிங்களப் பத்திரிகைகள், இந்தியாவிலிருந்து வரும் ஸ்போர்ட்ஸ்டார் சஞ்சிகை ஆகியவற்றிலிருந்து வெட்டியெடுத்த படங்களைப் பசை தடவி ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் நீல மையில் பெயர், பாடசாலை, ஆடிய டெஸ்ட் எண்ணிக்கை. இடையிடையே உண்மையான அட்டைகளும் உண்டு: இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பபிள்கம் அட்டைகள், மகன் விளையாடித் தேய்ந்த 'ட்ரம்ப்' சீட்டுகள்.

இலங்கைக்காக டெஸ்ட் ஆடிய தமிழர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது அவர் நோக்கம். முரளிதரனுக்கு ஒரு பக்கம் போதாமல் தனிக் கொப்பியே ஆகிவிட்டது. ரசல் ஆர்னல்டுக்கு நாலு பக்கம். வினோதன் ஜோனுக்கு ஒரு படம். ஒரு பக்கத்தில் மட்டும் பெயர் எழுதியிருந்தது, படம் இல்லை.

"ஜெகநாதனுக்கு ஒரு நல்ல படம் கிடைக்கல ஐயா. நீங்க பேப்பர்லதானே இருக்கீங்க, ஒண்ணு எடுத்துத் தர மாட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் பணியாற்றிய பத்திரிகையின் நூலகத்தில் தேடினேன். அவரது பெயரில் கோப்பே இல்லை. அணிப் படங்களில் தேடினால் முகம் தெரியாத அளவுக்குக் கறுப்பு மை. இது எந்த ஒரு பத்திரிகைக்கும் உரிய தனிக்குறையன்று. இடம் போதாமல் பழைய படங்களைக் கழித்துவிடுவது அச்சகங்களின் பொது வழக்கம்.

ஸ்ரீதரன் ஜெகநாதன் யார் என்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். 1951 இல் பிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். இலங்கைக்காக 2 டெஸ்டுகளும் 5 ஒருநாள் போட்டிகளும் ஆடினார். 1987 உலகக் கிண்ணத்துக்கும் சென்றார். 1996 மே 14 அன்று காலமானார். டெஸ்ட் ஆடிய இலங்கையருள் முதலில் இறந்தவர் அவரே. அர்ஜுன ரணதுங்க லாகூரில் உலகக் கிண்ணத்தை உயர்த்தி அப்போது இரண்டு மாதங்கூட முழுமையாக ஆகவில்லை. நாடு முழுவதும் கடைக்குக் கடை வெற்றி வீரர்களின் படம் தொங்கிய நாட்களில் இந்த மரணம் பத்திரிகைகளில் எவ்வளவு இடம் பெற்றிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

1983 இல் ஆடியவர்கள்

ஜெகநாதனும் வினோதன் ஜோனும் 1983 மார்ச்சில் நியூசிலாந்தில் டெஸ்ட் அரங்குக்கு வந்தார்கள். அந்த வாய்ப்புக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இனவொதுக்கலுக்காக உலகம் தென்னாபிரிக்காவைப் புறக்கணித்திருந்த காலத்தில், 1982 இறுதியில் இலங்கை வீரர்களின் அணியொன்று தடையை மீறி அங்கே சென்றது. தலைமை தாங்கியவர் பந்துல வர்ணபுர. அதே ஆண்டு பெப்ரவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்டில் அணித்தலைவராக இருந்தவர். அந்நாட்டின் முதல் டெஸ்ட் ஓட்டத்தைப் பெற்றவர். சென்றவர்கள் அனைவருக்கும் 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. தடை நிறைவேறுமுன்னரே நீக்கப்பட்டபோதும் அவர்களின் ஆட்டக்காலம் முடிந்துபோயிருந்தது. அவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தில்தான் புதியவர்கள் நுழைந்தார்கள்.

1983 இல் அதன்பின் என்ன நடந்தது என்பதை நான் எழுதவேண்டியதில்லை. ஜூலை வந்தது.

1984 ஓகஸ்டில் இலங்கை முதன்முறையாக லோர்ட்ஸ் மைதானத்தில் டெஸ்ட் ஆடியது. சிதத் வெத்தமுனி 190 ஓட்டங்கள் பெற்ற அந்த ஆட்டத்தின்போது, தமிழர் மீதான வன்முறையைக் கண்டித்து ஆர்ப்பாட்டக்காரர்கள் மைதானத்துள் ஓடினார்கள். அதே ஆட்டத்தில் இலங்கைக்காகப் பந்துவீசியவர் வினோதன் ஜோன். 6 டெஸ்டுகளில் 28 விக்கெட்டுகள், சராசரி 21.92. இலங்கை வேகப்பந்து வீச்சாளருள் இவ்வளவு நல்ல சராசரியோடு விலகியவர்கள் மிகக் குறைவு.

அன்று மைதானத்துள் ஓடியவரும் தமிழர், பந்து வீசியவரும் தமிழர். ஒருவரை நினைவு வைத்திருப்பதற்காக மற்றவரை மறக்கவேண்டும் என்ற நியாயம் எனக்கு விளங்கியதில்லை. ஆயினும் நமது அரசியல் நினைவு அப்படித்தான் இயங்கி வந்திருக்கிறது. இலங்கை அணிக்காக ஆடியவர் என்பதால் தமிழ் மேடைகள் இவர்களைப் பேசவில்லை. தமிழர் என்பதால் தேசிய வரலாறு இவர்களைத் தேடிப் பேசவில்லை.

சதாசிவத்தின் இரு முகங்கள்

இவர்களுக்கு மூத்தவர் மகாதேவன் சதாசிவம். 1915 இல் பிறந்து 1977 இல் மறைந்தவர். கொழும்பு வெஸ்லி கல்லூரியின் மாணவர். தமிழ் யூனியன் கழகத்தின் பெருமை. 1947 இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்தார். 1948 மார்ச்சில் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியில் கொழும்பு ஓவல் மைதானத்தில் ஒருநாள் ஆடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் அவரே. ஆடுகளம் 22 யாருக்குப் பதிலாக 20 யாரே இருந்தது என்று ஆட்டத்தின்போது கண்டுபிடிக்கப்பட்ட வேடிக்கையும் அன்றுதான். பிற்காலத்தில் அவர் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை தாங்கினார்.

ஆனால் சதாசிவம் என்ற பெயரைக் கேட்டதும் மூத்த தலைமுறை நினைவுகூர்வது துடுப்பாட்டத்தையல்ல. 1951 ஒக்டோபரில் அவருடைய மனைவி பம்பலப்பிட்டி வீட்டில் கொலையுண்டு கிடந்தார். சதாசிவம் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிருந்தார். கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். எடின்பரோவிலிருந்து சட்ட மருத்துவ நிபுணர் சேர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சியமளித்தார். 1953 இல் அவர் நிரபராதி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. இருபது மாதங்கள் அந்த வழக்கு கொழும்புப் பத்திரிகைகளுக்குத் தீனி போட்டது. 215 ஓட்டங்களுக்கு ஒரு பத்தி. வழக்குக்குப் பக்கம் பக்கமாக எழுத்து. விற்பனையாவதை அச்சிடுவது எங்கள் தொழிலின் பழைய குணம்.

இங்கே அட்டை என்ற பொருளின் வலிமையும் குறையும் ஒன்றாகத் தெரிகின்றன. சதாசிவத்துக்கு ஓர் அட்டை அச்சிடப்பட்டிருந்தால் அதன் பின்புறத்தில் ஓட்டங்கள் மாத்திரமே இருந்திருக்கும். ஒரு வீரனின் ஆட்டம் வழக்கில் மூழ்கிப்போகாமல் அது காத்திருக்கும். அதே வேளை, கொலையுண்ட அந்தப் பெண்ணுக்கு அந்த அட்டையில் ஓர் எழுத்துக்கூட இருந்திருக்காது. அவர் பிள்ளைகளின் தாய். அவர் இறந்த விதம் எந்தப் புள்ளிவிபரத்திலும் அடங்காது. ஆகவே அட்டையும் வேண்டும், பத்திரிகை நறுக்கும் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போடுகிறவர் சேகரிப்பாளர் அல்லர், விளம்பரம் செய்பவர்.

ஒரு நோபோலும் ஒரு பேருந்தும்

புள்ளிவிபரம் எதை மறைக்கும் என்பதற்குத் தம்புள்ளை மைதானமே சாட்சி. 60 ஏக்கர் நிலத்தில், 167 நாட்களில் எழுப்பப்பட்ட மைதானம் அது. 2001 மார்ச் 23 அன்று இலங்கையும் இங்கிலாந்தும் அங்கே முதல் ஒருநாள் போட்டியை ஆடின.

2010 ஓகஸ்ட் 16. இந்தியா வெற்றி பெற ஓர் ஓட்டம் வேண்டும். சேவாக் 99 ஓட்டங்களோடு நிற்கிறார். சுராஜ் ரந்திவ் வேண்டுமென்றே நோபோல் வீசினார். சேவாக் அதைச் சிக்சருக்கு அடித்தார். ஆனால் நோபோலுக்குரிய ஓட்டத்தோடு ஆட்டம் முடிந்துவிட்டதால் சிக்சர் கணக்கில் சேரவில்லை. பதிவேட்டில் இருப்பது "99, ஆட்டமிழக்காமல்" என்ற ஒரு வரி மாத்திரமே. ரந்திவுக்கு ஓர் ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. அப்படி வீசும்படி தூண்டியதற்காகத் தில்ஷானுக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது.

ரந்திவை உலகம் அந்த ஒரு பந்தால் மட்டுமே அறியும். முரளிதரன் ஓய்வுபெற்ற அடுத்த டெஸ்டிலேயே அந்த இடத்தை நிரப்பும் பாரத்தோடு அறிமுகமானவர் அவர். 12 டெஸ்டுகளில் 43 விக்கெட்டுகள் எடுத்தவர். காயமுற்ற அஞ்சலோ மத்தியூஸுக்குப் பதிலாக அவசரமாக மும்பைக்கு அழைக்கப்பட்டு, 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஆடியவர். 2021 இல் அவர் மெல்பேர்ணில் பேருந்துச் சாரதியாக வேலை செய்கிறார் என்ற செய்தி வந்தது. பலர் அதைப் பரிதாபச் செய்தியாகப் பகிர்ந்தனர். உழைத்துச் சாப்பிடுவதில் பரிதாபம் எங்கே வருகிறது? புலம்பெயர்ந்த நம்மவர்களில் ஆசிரியராக இருந்து டாக்சி ஓட்டியவர்களும் பொறியியலாளராக இருந்து பாத்திரம் கழுவியவர்களும் இதை நன்கறிவர். அட்டையின் பின்புறத்தில் 'பின்னாளில்' என்று ஒரு வரி சேர்க்கலாம் என்பதே எனக்குத் தோன்றியது.

முரளியை என்ன செய்வது?

கடைசியாகக் கடினமான கேள்விக்கு வருகிறேன். முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளையும் 534 ஒருநாள் விக்கெட்டுகளையும் தெரியாதவர் இல்லை. 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயர் அவரது பந்துகளை எறிபந்து என்று அறிவித்தபோது, அவருக்காகச் சிங்கள இளைஞர்களும் தமிழ் இளைஞர்களும் ஒரே கோபத்தில் நின்றார்கள். அந்த ஒருமை நீடிக்கவில்லை. அவருடைய அரசியல் கருத்துகள் தமிழர் பலரைப் புண்படுத்தின. அவரது வாழ்க்கைப் படத்தில் நடிக்க இருந்த விஜய் சேதுபதி, தமிழகத்திலும் புலத்திலும் எழுந்த எதிர்ப்பையடுத்து 2020 ஒக்டோபரில் விலகினார். படம் '800' என்ற பெயரில் வேறொரு நடிகரோடு 2023 இல் வெளிவந்தது.

அந்த எதிர்ப்பில் கலந்துகொண்டவர்களில் என் நண்பர்களும் உண்டு. அவர்களது காயம் பொய்யன்று. பிள்ளைகளைத் தேடி வீதியில் அமர்ந்திருக்கும் தாய்மாரை நேரில் கண்டு எழுதியவன் என்ற முறையில் அதை நான் இலேசாகப் பேச மாட்டேன். ஒரு மனிதரை விமர்சிப்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. அவரது பக்கத்தைக் கொப்பியிலிருந்து கிழிப்பது வேறு காரியம். கிழித்தால் மலையக வம்சாவளிக் குடும்பமொன்றில் பிறந்த சிறுவன் கண்டியின் கல்லூரி மைதானத்திலிருந்து உலகின் உச்சிக்குச் சென்ற கதையும் அதோடு போய்விடும். அந்தக் கதை அவர் ஒருவருக்கு மாத்திரம் சொந்தமானதன்று. குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு மக்களுக்கும் அதில் பங்குண்டு. வைத்துக்கொண்டு வாதாடலாம். இல்லாததை வைத்து வாதாட முடியாது.

நமது அட்டைகள் எங்கே?

நமக்கு அட்டை மரபே இல்லை என்று சொல்வதும் சரியன்று. யாழ்ப்பாணத்தில் 'வடக்கின் பெரும் போர்' என்று புகழ்பெற்ற மத்திய கல்லூரி - பரியோவான் கல்லூரி ஆட்டம் 1904 இல் தொடங்கியது. போரினால் சில ஆண்டுகள் தடைப்பட்டபோதும் நூற்றாண்டைக் கடந்து நடைபெறுகிறது. இவ்வாறான பெரும் போட்டிகளுக்குச் சிறப்பு மலர் வெளியிடுவது வழக்கம். அதைப் புரட்டினால் இரு அணி மாணவர்களின் சிறு படங்கள், பெயர், துடுப்பாட்டக்காரனா பந்துவீச்சாளனா என்ற குறிப்பு, முன்னைய ஆண்டுப் பெறுபேறு. எதிர்ப்பக்கத்தில் சைக்கிள் கடை விளம்பரமும் நகைக்கடை விளம்பரமும். அமெரிக்கச் சிறுவனுக்கு டாப்ஸ் அட்டை எதுவோ, அதுவே நமக்கு அந்த மலர்.

அந்தப் பையன்களில் எத்தனை பேர் இன்று ரொறன்ரோவிலும் சிட்னியிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்! எத்தனை பேர் உயிரோடு இல்லை! பதினெட்டு வயதில் வெள்ளை உடையில் நின்று எடுத்த அந்தப் படத்துக்குப் பிறகு வேறு படமே எடுக்காதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்தச் சிறு சதுரந்தான் வாழ்க்கைக் குறிப்பு முழுவதும்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் சாம்பலாயின. ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் அப்போது எரிக்கப்பட்டது. பத்திரிகைக் காரியாலயம் எரிவதென்றால் இயந்திரம் மட்டும் எரிவதில்லை. ஊர் மைதானங்களில் எடுக்கப்பட்ட படங்களும் எரியும். எஞ்சியவை வீடுகளில் இருந்தவையே. அவற்றிலும் பல இடம்பெயர்வுகளில் போயின. இன்று இருப்பவற்றைக் காக்க 2005 இலிருந்து நூலகம் நிறுவனம் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் இலவசமாக வைத்து வருகிறது. பர்டிக் பசையோடு செய்த வேலையை இவர்கள் ஸ்கேனரோடு செய்கிறார்கள்.

புதிய வீரர்களுக்காவது இந்த மறதி நேரக்கூடாது. யாழ். மத்திய கல்லூரியிலிருந்து வந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் தமது பதினெட்டாவது வயதில் லங்கா பிரீமியர் லீக்கில் ஆடினார். 2024 மே மாதத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல் களமும் கண்டார். அவர் முதலில் ஆடிய பள்ளி அணிப் படத்தை யாராவது பத்திரமாக வைத்திருக்கிறார்களா? 2024 ஜூலை 28 அன்று தம்புள்ளையில் சாமரி அத்தபத்துவின் மகளிர் அணி இந்தியாவை 8 விக்கெட்டுகளால் வென்று முதன்முறையாக ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஆண்களின் முகங்கள் வந்த பிஸ்கட் பெட்டிகளிலும் கொப்பி மட்டைகளிலும் இந்தப் பெண்களின் முகங்கள் எத்தனை வந்தன?

வணிகம் இதைச் செய்து தரும் என்று காத்திருக்க முடியாது. தம்புள்ளையின் பெயரில் அந்த லீக்கில் ஆடிய அணியைப் பாருங்கள்: 2020 இல் வைக்கிங், 2021 இல் ஜயன்ட்ஸ், பிறகு இரண்டு ஆண்டுகள் ஓரா, 2024 இல் தண்டர்ஸ் என்று அறிவித்துக் கடைசியில் சிக்சர்ஸ். உரிமையாளர் மாற மாறப் பெயரும் சட்டையும் மாறுகின்றன. ஒரு சிறுவன் எந்தப் பெயரில் அல்பம் தொடங்குவான்?

செய்யக்கூடியவை மூன்று. ரங்கிரி மைதானத்தில் ஒரு சுவர், அங்கே சர்வதேசப் போட்டி ஆடிய ஒவ்வொருவருக்கும் ஒரே அளவில் ஒரு படம், மும்மொழியிலும் பெயர். இதற்கு மைதானத்தைக் கட்டிய செலவில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. பாடசாலைகளும் பழைய மாணவர் சங்கங்களும் இதுவரை வெளியிட்ட மலர்கள் அனைத்தையும் தேடியெடுத்துப் பிரதி செய்து வைக்கவேண்டும்; வெளிநாட்டுக் கிளைகள் வருடாந்த இராப்போசனத்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பகுதி போதும். மூன்றாவது வேலை வீட்டில் இருக்கிறது. உங்கள் அலுமாரியின் அடித்தட்டில் ஓர் அணிப் படம் கிடக்கும். நிற்பவர்கள் யார், அமர்ந்திருப்பவர்கள் யார் என்று சொல்லக்கூடிய ஒருவர் இன்னும் உயிரோடு இருப்பார். அவரிடம் இந்த வாரமே தொலைபேசியில் கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். மை தாளில் ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும், பென்சில் போதும்.

தம்புள்ளை நண்பர் கேட்ட படத்தை என்னால் இதுவரை தேடிக்கொடுக்க முடியவில்லை. ஜெகநாதன் தெளிவாகத் தெரியும் படம் வாசகர்கள் எவரிடமாவது இருந்தால் பிரதியொன்றை அனுப்பிவையுங்கள். மூலப்படம் உங்களிடமே இருக்கட்டும்.